கம்ஷாத் "ரெடி" என்று சொன்ன தொட்டி

"மீன் எப்போ விடுவே?" என்று சபர்காலி நாற்பதாவது நாளாகக் கேட்டார்.

கம்ஷாத் ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டு சோதனைக் குழாய்க்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். எட்டுச் சொட்டு ஆனதும் மூடியைத் திருகிக் குழாயைக் குலுக்கினாள். அவர் கழுத்தைப் பிடித்துக் குலுக்க வேண்டிய வேகமெல்லாம் அந்தக் குழாய்க்குக் கிடைத்தது.

சபர்காலிக்குக் கராகண்டா ஊரிலேயே பெரிய கல்யாண மண்டபம் சொந்தம். ஊரே அவரை மரியாதையாக "சாக்கே" என்று கூப்பிடும். மணமகள் உட்காரும் மேடைக்குப் பின்னால், சுவர் முழுக்க, இரண்டாயிரம் லிட்டர் பிடிக்கிற கண்ணாடித் தொட்டி கட்டச் சொல்லியிருந்தார். அதில் கடல் தண்ணீர், கடல் பாறை, கடல் மீன் எல்லாம் இருக்க வேண்டும். அடுத்த வாரம் சனிக்கிழமை அவருடைய மகளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் விருந்து. நானூறு பேர் சாப்பிட உட்காரும்போது மகளுக்குப் பின்னால் மீன்கள் நீந்த வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. ஆசைப்பட்டதில் தப்பில்லை. தண்ணீர் ஊற்றிய மறுநாளிலிருந்தே மீன் எங்கே, மீன் எங்கே என்று உயிரை எடுத்ததுதான் தப்பு.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே தங்கச்சி. இதுக்கு மேல என்ன வேணும்?"

"கண்ணாடி மாதிரி இருந்தா போதும்னா, ஜன்னல்லயே மீன் வளக்கலாமே சாக்கே."

கூட நின்றிருந்த அவருடைய மச்சான் கைப்பேசியை நீட்டினான். "இங்க பாரு, அல்மாட்டியில ஒருத்தன் ரெண்டாவது நாளே விட்டிருக்கான். எல்லாம் ஜோரா நீந்துது."

"மூணாவது நாள் வீடியோ இருக்கா?"

மச்சான் தேடினான். இருக்கவில்லை.

"இருக்காது" என்றாள் கம்ஷாத். ஏணியிலிருந்து இறங்கி வந்து, முன்பே கலக்கி வைத்திருந்த குழாயையும் இதையும் அவர்கள் மூக்குக்கு நேரே பிடித்தாள். "மீன் மூத்திரம் பேயும். அது தண்ணியில விஷம். அதைத் தின்னு செரிக்கிற கிருமி இந்தப் பாறைக்குள்ள குடியேறணும். அந்தக் கிருமி கழிக்கிறதும் விஷம்தான். அதைத் தின்ன இன்னொரு கூட்டம் வரணும். ரெண்டு கூட்டமும் வந்து குடும்பம் நடத்தினாத்தான் மீனுக்கு வீடு. அதுக்கு முன்னாடி விட்டா, தன் மூத்திரத்துலயே வெந்து சாகும். நான் தினமும் அந்த விஷத்தைப் பாட்டில்ல இருந்து அளந்து ஊத்துறேன். இருபத்து நாலு மணி நேரத்துல அத்தனையும் காலியாகணும். முதல் குழாய் மஞ்சளாகணும், ஆயிடுச்சு. ரெண்டாவது வெளிர்நீலமாகணும். இது என்ன நிறம்?"

சபர்காலி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஊதா."

"கத்தரிப்பூ ஊதா. அப்போ இன்னும் ஆகலை. எனக்கு வேற பேச்சு இல்லை."

அவள் இப்படிக் கடித்துப் பேசுவதற்கு ஒரு காரணம் இருந்தது. போன வருடம் வேறொரு மண்டபத்தில் இதே மாதிரி ஒரு முதலாளி, இதே மாதிரி ஒரு அவசரம். பன்னிரண்டாவது நாள் அவள் இளகிவிட்டாள். முப்பத்தொரு மீன்களை விட்டாள். விருந்தில் கறித்தட்டு வருவதற்குள் ஒவ்வொன்றாக மல்லாந்து மிதந்தன, மணமகள் தலைக்கு மேலே. ஒலிவாங்கி பிடித்து விருந்தை நடத்துகிறவன், "மீனுக்கும் யாரோ ஊத்திக் கொடுத்திட்டாங்க போல!" என்றான். நானூறு பேர் சிரித்தார்கள். மணமகளின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "என் பொண்ணு வாழ்க்கையோட முதல் நாள்ல சாவைக் கொண்டு வந்து மாட்டிட்டியே" என்றாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் கம்ஷாத்தை ஒரு நாய்கூடக் கூப்பிடவில்லை. அந்த முதலாளி மேல் அவளுக்கு வந்த கோபத்தைவிட, தலையாட்டிய தன் மேல் வந்த கோபம்தான் பெரிது. இனி ஒரு தொட்டி தயார் என்று தன் வாயால் சொன்னால் அது தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்தத் தொழிலே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தாள். சபர்காலி அவளைக் கூப்பிட்டதே வேறு ஆள் கிடைக்காததால்தான். இந்தத் தொட்டி சரியாக வந்தால் அவருடைய சம்பந்தி கட்டும் ஹோட்டலிலும் ஒரு தொட்டி உண்டு என்று சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

அந்த மண்டபத்தில் அவள் பக்கம் நின்றது ஒரே ஓர் ஆள். தரை துடைக்கும் ஒரின்குல். ஐம்பத்தாறு வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கிருமி, விஷம், ஊதா எதுவும் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் "ரெடின்னு நான் சொல்ற வரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க அக்கா" என்று கம்ஷாத் சொன்னது புரிந்தது. மேனேஜர் கிண்ணத்தில் மிஞ்சிய தேநீரை, எட்டு நடை நடந்து கைகழுவும் இடத்தில் கொட்டச் சோம்பல்பட்டுத் தொட்டிக்குள் ஊற்றப் போனபோது, துடைப்பக் கட்டையால் கையிலேயே போட்டாள். "என்ன அக்கா, நான் மேனேஜர்!" என்று அவன் கத்தினான். "அது பிள்ளைத்தாச்சித் தண்ணி. நீ யாரா இருந்தா எனக்கென்ன" என்றாள் ஒரின்குல்.

அந்த மண்டபத்தில் வேலையில் இருப்பதே பெரிய பாடு. போன மாதம் மட்டும் சபர்காலி மூன்று பேரை நின்ற நிலையில் வெளியே அனுப்பியிருந்தார். ஒருத்தன் கண்ணாடியில் கீறல் போட்டான், ஒருத்தி விருந்தாளி மேல் குழம்பைச் சிந்தினாள், மூன்றாமவன் என்ன செய்தான் என்று அவனுக்கே தெரியாது. ஒரின்குல்லின் மகன் சுரங்கத்தில் முதுகு ஒடிந்து வீட்டில் படுத்திருந்தான். அவள் கொண்டுபோவதில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

நாற்பத்து மூன்றாம் நாள் இரண்டாவது குழாய் வெளிர்நீலமானது. கம்ஷாத் நம்பவில்லை. மறுபடி செய்தாள். அதே நீலம். அப்போதும் வாயைத் திறக்காமல், பாறைமேல் படிந்திருந்த பழுப்புப் பாசியை மேயப் பத்து நத்தைகளை மட்டும் விட்டுவிட்டு மூன்று நாள் காத்திருந்தாள். நத்தைகள் கண்ணாடியெல்லாம் கோடு போட்டுக்கொண்டு மேய்ந்தன. புதன்கிழமை சாயங்காலம், நாற்பத்தாறாம் நாள், மஞ்சளும் நீலமுமாக இரண்டு குழாய்களையும் மேசைமேல் நிறுத்திவிட்டு, "ரெடி" என்றாள்.

சபர்காலி மூன்று முறை கேட்டார். "நிச்சயமா? போன வருஷம் மாதிரி..."

"போன வருஷம் நான் சொல்லலை, சொல்ல வச்சாங்க. இது நானே சொல்றது. நாளைக்குக் காலையில ஆறு மீன். மத்ததெல்லாம் மெல்ல மெல்ல. ஆறுக்கு மேல ஒண்ணு கேட்டீங்கன்னா அந்த ஆறும் கிடையாது."

"ஆறே போதும் தாயே" என்று அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் போனார்.

ஒரின்குல் கம்ஷாத்தின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். சோப்புத் தண்ணீர் வாடை. கம்ஷாத்துக்கு நாற்பத்தாறு நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை காலை ஊரில் மைனஸ் இருபது. மூன்று வாரமாக வீட்டுப் பின்னறையில் நோய்நொடி பார்த்து வளர்த்த மீன்களில் ஆறைப் பைகளில் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் வந்தாள். பெட்டியை மேடைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

தொட்டி முழுக்கப் பால்.

பின்சுவர் தெரியவில்லை, பாறை தெரியவில்லை. தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரின் சத்தமும் இல்லை. முன்கண்ணாடி ஓரத்தில் நத்தைகள் கால் மேலே தெரிய மல்லாந்து கிடந்தன. வலைக்கம்பால் ஒன்றை வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். ஓட்டுக்குள் இருந்த சதை கையோடு வந்தது.

அவளுக்குத் தலைக்குள் ஏதோ சூடாக ஏறியது. கைப்பேசியை எடுத்து சபர்காலியைக் கூப்பிட்டாள். அவர் "ஹலோ" சொல்லி முடிக்கவில்லை.

"யாரை உள்ளே விட்டீங்க? உங்க மச்சானா? ராத்திரி எந்தக் கழிசடையைக் கூட்டிட்டு வந்து வேடிக்கை காட்டினீங்க? தொட்டிக்குள்ள என்னத்தைக் கொட்டினீங்க? நாற்பத்தாறு நாள் சாக்கே! உங்க ஒருத்தர் அவசரத்துக்கு..."

"வாயை அளந்து பேசு. வர்றேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

கம்ஷாத் கோட்டைக் கழற்றி எறிந்தாள். ஸ்வெட்டர் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, கையை உள்ளே விட்டாள். மோட்டார் வாயில் ஏதோ அடைத்திருந்தது. பிடுங்கினாள். மிட்டாய்க் காகிதம். மறுபடி துழாவினாள். கையில் கொழகொழவென்று சிக்கியதை வெளியே எடுத்து முகர்ந்தாள். குர்த், காய்ந்த உப்புத் தயிர் உருண்டை. ஊறிக் கரைந்து பாதியாகியிருந்தது. அடுத்து வந்தவை ஐந்து தெங்கே, பத்து தெங்கே பித்தளைக் காசுகள். அதற்கடுத்து சர்க்கரைக் கட்டி ஒட்டியிருந்த இன்னொரு காகிதம்.

ஷாஷு. வீட்டில் குழந்தை பிறந்தால், மருமகள் வாசல் மிதித்தால், மகன் பரீட்சை தேறினால், வயதில் மூத்த பெண் ஒருத்தி மிட்டாயையும் குர்த்தையும் சில்லறையையும் மடி நிறைய அள்ளி வந்து தலைக்கு மேலே வீசுவாளே, அது. பொறுக்கித் தின்றவர்களுக்கும் அந்த வாழ்த்தில் பங்கு கிடைக்கும். கம்ஷாத் பிறந்தபோதும் யாரோ வீசியிருப்பார்கள்.

"பாத்தியா என் தங்கமே?"

ஒரின்குல் வாளியோடு வந்து நின்றாள். முகமெல்லாம் வெளிச்சம். "நீ போனதுக்கு அப்புறம், எல்லா விளக்கையும் போட்டு, ரெண்டு கிலோ வீசினேன். நல்ல மிட்டாய், மட்டமில்லை. இவ்ளோ பெரிய வீடு குடியேறத் தயாராயிருக்கு, ஒருத்தருக்கும் ஒண்ணு வீசணும்னு தோணலையேன்னு..." அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தாள். "இது ஏன் இப்படி இருக்கு?"

"ஏன் இப்படி இருக்கா?" கம்ஷாத்தின் குரல் மண்டபத்தின் கூரையில் போய் முட்டியது. "உங்க கை இருக்கே, அந்தக் கையால! தயிரு! சர்க்கரை! காசுல செம்பு! ஒரு விஷம் பாக்கியில்லாம கொட்டியிருக்கீங்களே! தேத்தண்ணி ஊத்த வந்தவன் கையை உடைச்சீங்க, உங்க கையை யாரு உடைக்கிறது? இந்த ஊர்ல ஒருத்தருக்குமா மூளை இல்லை?"

ஒரின்குல் வாளியை மெல்லக் கீழே வைத்தாள்.

வாசல் கதவு அறைந்தது. சபர்காலி தொப்பிகூடக் கழற்றாமல் வந்தார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவரை அந்த மாதிரிப் பேசினவர்கள் யாரும் ஊரில் இல்லை. தொட்டியைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டார்.

"யாரு?" என்றார். குரல் தணிந்திருந்தது. அவர் தணிந்த குரலில் பேசினால்தான் ஆள் வெளியே போவார்கள். "என் மேல போட்டே. நான் வரலை, என் மச்சானும் வரலை. அப்போ இங்க வேலை பாக்கிற யாரோதான். பேரைச் சொல்லு. இந்த நிமிஷமே வெளியே. என் பொண்ணோட விருந்தை நாசம் பண்ணவங்க இந்த ஊர்ல வேற எங்கயும் துடைப்பம்கூடப் பிடிக்க முடியாது."

துடைப்பம் என்றதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரின்குல்லின் கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டதைக் கம்ஷாத் பார்த்தாள். தன் ஈரக் கைக்குள் இருந்த காசுகளையும் காகிதங்களையும் இறுக்கிக்கொண்டாள். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அந்தக் கிழவியைப் பிடித்து உலுக்கத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"யாருமில்லை சாக்கே. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"என்ன?"

"தொட்டி ரெடியாகலை. நான் அவசரப்பட்டுட்டேன். சில சமயம் கடைசியில இப்படிப் பால் மாதிரி திரும்பும். அதை மறைக்கத்தான் உங்க மேல கத்தினேன்."

சபர்காலி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைவிட அடி தேவலை. "நாற்பத்தாறு நாள் என்னை நாயா கடிச்சே. கத்தரிப்பூங்கிறே, கிருமிங்கிறே. கடைசியில உனக்கே தெரியலை! போன வருஷம் அந்தப் பொம்பளை சொன்னது சரிதான். உன் கை ராசி அப்படி." கைப்பேசியை எடுத்தார். அவள் எதிரிலேயே சம்பந்தியைக் கூப்பிட்டார். "சம்பந்தி, அந்த மீன்காரி வேண்டாம். ஆமா, அவளேதான். நேத்து ரெடின்னா, இன்னைக்கு இல்லைங்கிறா. ஆமா, அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. யார் கேட்டாலும் சொல்லிடுங்க."

கம்ஷாத் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்" என்றாள் ஒரின்குல்.

இருவரும் திரும்பினார்கள்.

"நான்தான் வீசினேன். ஷாஷு. ரெண்டு கிலோ. இவ பொய் சொல்றா. அந்தக் கையைத் திறக்கச் சொல்லுங்க."

கம்ஷாத் திறக்கவில்லை. ஒரின்குல்லே வந்து அவள் விரல்களைப் பிரித்தாள். காசுகளும் காகிதங்களும் மேடையில் உதிர்ந்தன.

சபர்காலி குனிந்து ஒரு பத்து தெங்கேயை எடுத்தார். புரட்டிப் பார்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தது. ஷாஷு வீசியவளை எப்படித் திட்டுவது? அதுவும் மகள் கிளம்பப் போகிற வாரத்தில், மகள் உட்காரப் போகிற இடத்தில் வீசியவளை? திட்டினால் அந்த வாழ்த்தைத் தானே திருப்பி அனுப்பியதாகும். வீசியதில் தொட்டிக்கு வெளியே ஓரமாக ஈரமாகாமல் விழுந்திருந்த ஒரு மிட்டாயைக் கண்டுபிடித்து, காகிதத்தைப் பிரித்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லது அக்கா" என்றார், மென்றபடி. "என் பொண்ணு உக்காரப் போற இடத்துல வீசினே. நல்ல கை உன்னோடது. மீன் இல்லாட்டி என்ன, திரை போட்டு மூடிக்கலாம். நீ உன் வேலையைப் பாரு."

பிறகு கம்ஷாத் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நேத்து ரெடின்னே. இன்னைக்கு அது தப்புன்னே. இப்போ அந்தத் தப்பே பொய்ங்கிறாங்க. என் முகத்தைப் பாத்து, கண்ணு இமைக்காம சொன்னியே தங்கச்சி. நாளைக்கு நீ இன்னொரு தொட்டி முன்னாடி நின்னு ரெடின்னு சொன்னா, அதை நிஜமா பொய்யா, எதுன்னு நான் எடுத்துக்கிறது?"

கம்ஷாத் குனிந்து மேடையில் கிடந்த காசுகளைப் பார்த்தாள். அவர் கேட்டது சரிதான்.

"சம்பந்திகிட்ட சொன்னது சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மண்டபத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"உங்களை யாரு ஒத்துக்கச் சொன்னது?" என்றாள் கம்ஷாத். "நான் என் பேரையே தூக்கிப் போட்டேன், உங்களுக்காக. நீங்க ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு நிக்கக் கூடாதா? இப்போ எனக்குப் பேரும் இல்லை, ஹோட்டலும் இல்லை, ஒண்ணுமில்லை!"

"உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னது?"

ஒரின்குல்லின் கண் சிவந்திருந்தது. அழுகையால் அல்ல. அவளும் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"நான் தண்ணியைக் கெடுத்தேன். சரி. முட்டாள்னு திட்டினே, வாங்கிக்கிட்டேன். அது எனக்கு வேணும். ஆனா என் ஷாஷுவை எடுத்து, திருட்டுச் சாமான் மாதிரி கைக்குள்ள ஒளிச்சியே, அதை உன்கிட்ட நான் கேட்டேனா? நான் உனக்கு வீசினதுடி அது. அந்த மீனுக்கும் இல்லை, அவர் பொண்ணுக்கும் இல்லை. அவர் பாட்டுக்குத் தன் பொண்ணுக்குன்னு எடுத்து வாயில போட்டுக்கிட்டுப் போறாரு. நீ பாத்துக்கிட்டு நிக்கிறே."

கம்ஷாத் ஏணிப் படியில் உட்கார்ந்தாள். கையிலிருந்து உப்புத் தண்ணீர் தரையில் சொட்டியது. நாற்பத்தாறு நாளாகக் கோபத்துக்கு ஆள் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர் நின்றார். இப்போது திரும்பத் திரும்பத் தன்னிடமே வந்து நின்றாள்.

ஒரின்குல் துடைப்பத்தை எடுத்து, மேடையில் சொட்டிய தண்ணீரை ஓங்கி ஓங்கித் துடைத்தாள். உதிர்ந்து கிடந்த காசு, மிட்டாய்க் காகிதங்களில் ஒன்றைக்கூட அவள் கூட்டித் தள்ளவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றி வந்து துடைத்தாள்.